லாக்குக்குள் ரெஃபரன்ஸ் கவுண்ட் எப்போது தேவையில்லை?

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரலைப் படிக்கத் தொடங்கும் எவரும் சீக்கிரமே ஓர் அமைப்பைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ஒரு லாக் எடுக்கப்படும், அட்டவணையில் ஓர் ஆப்ஜெக்ட் தேடப்படும், அது கிடைத்ததும் அதன் ரெஃபரன்ஸ் கவுண்ட்டில் ஒன்று கூட்டப்படும், ஏதோ ஒரு சிறு வேலை நடக்கும், கவுண்ட்டில் ஒன்று குறைக்கப்படும், லாக் விடப்படும். தருமபுரியில் வார இறுதிகளில் என்னுடன் உட்கார்ந்து கெர்னல் நிரல் படிக்கும் பொறியியல் மாணவர்கள் இந்த இடம் வந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: லாக்கைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு உடனே குறைப்பதில் என்ன பயன்? கேள்வி சரியானது. பல இடங்களில் அந்த இரண்டு வரிகளும் உண்மையிலேயே வேண்டாதவை. ஆனால் வேறு சில இடங்களில், பார்ப்பதற்கு அச்சு அசலாக அதேபோல் இருக்கும் இரண்டு வரிகளை எடுத்துவிட்டால் கெர்னல் என்றாவது ஒருநாள் விழும். இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ரெஃபரன்ஸ் கவுண்ட் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நினைவகத்தில் உள்ள ஓர் ஆப்ஜெக்டைப் பலர் பயன்படுத்தும்போது, அதை விடுவிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆகவே ஆப்ஜெக்டுக்குள் ஓர் எண் வைக்கப்படுகிறது. அதன் இடத்தைச் சுட்டும் முகவரியான பாயிண்டரைப் பெற்று வைத்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டுகிறார்கள். அச்செயலுக்குக் கெட் என்று பெயர். வேலை முடிந்தவர் ஒன்றைக் குறைக்கிறார்; அது புட். யாருடைய புட் எண்ணைச் சுழியமாக்குகிறதோ அவரே ஆப்ஜெக்டை விடுவிக்கிறார். ஜார்ஜ் காலின்ஸ் இந்த முறையை 1960-இல் பட்டியல்களைக் கையாளும் நிரல்களுக்காக எழுதி வெளியிட்டார். யுனிக்ஸின் ஆறாம் பதிப்பிலேயே திறந்த கோப்புகளுக்கும், கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோடுகளுக்கும் இத்தகைய எண் இருந்தது. திறந்த கோப்புக்கான எண் அதில் ஒரே ஒரு பைட் அளவுதான். லினக்ஸில் இன்று இதற்காகக் கேரெஃப் என்ற அமைப்பும், 2017-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து ரெஃப்கவுண்ட் என்ற தனி வகையும் உள்ளன. பின்னது எண் நிரம்பி வழியும் நிலை வந்தால் மீண்டும் சுழியத்துக்குத் திரும்பாமல் ஒரு மதிப்பில் உறைந்து நின்று எச்சரிக்கை தரும்.

லாக் செய்யும் வேலை வேறு. ஒரே நேரத்தில் இருவர் ஒரு தரவை மாற்றிக் குழப்பிவிடாமல் அது தடுக்கிறது. ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கிறதா என்பது கவுண்ட்டின் பொறுப்பு, அதன் உள்ளடக்கம் ஒழுங்காக இருக்கிறதா என்பது லாக்கின் பொறுப்பு என்றுதான் பாடநூல்கள் பிரித்துச் சொல்கின்றன. தொடக்கத்தில் இந்தப் பிரிவினை உதவும். ஆனால் நடைமுறையில் பல லாக்குகள் உள்ளடக்கத்தைக் காப்பதோடு ஆயுளையும் சேர்த்தே காக்கின்றன. அப்படி ஆயுளைக் காக்கும் லாக் நம் கையில் இருக்கும்போது, அதே ஆயுளுக்கு இன்னொரு காவலாகக் கவுண்ட்டைக் கூட்டுவதுதான் மிகையாகிறது.

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்தில் பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். மோட்டார் ஒன்று, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். மோட்டார் கொட்டகைக்கு ஒரே சாவி. யாருடைய முறையோ அவரிடம் அது இருக்கும். காயில் கட்டுவதற்காக மோட்டாரைக் கழற்றி ஊருக்கு எடுத்துப்போக வேண்டுமானால் கொட்டகையைத் திறந்தாக வேண்டும். அதற்கு மேல், மோட்டார் இன்னும் யாருக்கெல்லாம் தேவைப்படுகிறது என்று எழுதி வைக்க ஒரு நோட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாவி என் இடுப்பில் இருக்கும்போது, நான் பாய்ச்சும் நேரத்துக்கு மட்டும் நோட்டில் என் பெயரை எழுதி, முடித்ததும் அடிப்பதால் எந்தப் பயனும் இல்லை. சாவியில்லாமல் மோட்டாரை யாரும் கழற்ற முடியாது. ஆனால் சாவியை அடுத்தவரிடம் கொடுத்த பிறகும், நாளை அதிகாலையில் அந்த மோட்டார் எனக்கு வேண்டும் என்றால், சாவியைக் கொடுப்பதற்கு முன்பே பெயரை எழுதியாக வேண்டும். அதேபோல் கொட்டகையின் பின்பக்கத்தில் இன்னொரு கதவு இருந்து, அதன் வழியாகவும் மோட்டாரை எடுக்க முடியுமானால், என்னிடம் சாவி இருப்பதற்கு ஒரு பொருளும் இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, நம்மிடம் லாக் இருக்கிறதா என்பதன்று. ஆப்ஜெக்டை விடுவிப்பவர் யார், அவர் வரும் வழியில் நம் லாக் குறுக்கே நிற்கிறதா என்பதுதான். மிகையான கெட்டையும் புட்டையும் நீக்க விரும்புகிறவர் தான் திருத்தும் செயற்கூறைவிட (ஃபங்ஷனைவிட), விடுவிக்கும் செயற்கூறைத்தான் அதிக நேரம் படிக்க வேண்டும்.

இதை நிரலாகவே பார்ப்போம். நெட்வொர்க் இணைப்புகளை அவற்றின் அடையாள எண்ணின்படி வைத்திருக்கும் அட்டவணை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஒரு பாக்கெட் வரும்போது அதற்குரிய இணைப்பைத் தேடி, கடைசியாகப் பயன்பட்ட நேரத்தைப் பதிய வேண்டும்.

லாக்_எடு(அட்டவணை)
இ = தேடு(அட்டவணை, எண்)
இ கிடைக்காவிட்டால்: லாக்_விடு(அட்டவணை), திரும்பு
கெட்(இ)
இ.கடைசி_நேரம் = இப்போது
புட்(இ)
லாக்_விடு(அட்டவணை)

இணைப்பை நீக்கும் செயற்கூறு இப்படி இருக்கிறது:

லாக்_எடு(அட்டவணை)
இ = தேடு(அட்டவணை, எண்)
இ கிடைக்காவிட்டால்: லாக்_விடு(அட்டவணை), திரும்பு
அட்டவணையிலிருந்து_எடு(இ)
லாக்_விடு(அட்டவணை)
புட்(இ)

இணைப்பை அட்டவணையில் சேர்க்கும்போதே அட்டவணையின் பெயரில் ஒரு கவுண்ட் கூட்டப்பட்டுவிட்டது. நீக்கும் செயற்கூறின் கடைசி வரி குறைப்பது அந்தக் கவுண்ட்டைத்தான். அந்தப் புட் லாக்குக்கு வெளியே நடப்பதைப் பார்த்ததும் பலர் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. லாக்கை எடுத்துக்கொண்டு தேடியபோது இணைப்பு அட்டவணையில் கிடைத்தது என்றால், அட்டவணையின் கவுண்ட் அந்த நொடியில் இன்னும் குறைக்கப்படவில்லை என்று பொருள். அதைக் குறைக்க நினைப்பவர் முதலில் அட்டவணையிலிருந்து இணைப்பை எடுக்க வேண்டும். எடுப்பதற்கு நம் கையில் உள்ள லாக் அவருக்கு வேண்டும். ஆகவே நாம் விடும்வரை அவர் அந்த வரிக்குப் போகவே முடியாது. வேறு எத்தனை பேர் தத்தம் கவுண்ட்டைக் குறைத்தாலும் அட்டவணையின் ஒன்று மிச்சமிருக்கும். முதல் நிரலில் உள்ள கெட்டும் புட்டும் இதனால் மிகை. இரண்டையும் எடுத்துவிடலாம்.

இந்த நிலையை விரைவாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. லாக்குக்குள் இருக்கும் அந்தப் புட், எண்ணைச் சுழியமாக்கும் கடைசிப் புட்டாக எப்போதாவது இருக்க முடியுமா என்று கேளுங்கள். மேலே உள்ள நிரலில் ஒருபோதும் முடியாது. அட்டவணையின் கவுண்ட் நம்முடையதைவிட நீண்ட நேரம் நிற்கும் என்று லாக் உறுதி தருகிறது. ஒருபோதும் கடைசியாக முடியாத புட், அதன் இணையான கெட்டோடு சேர்ந்து, யாருடைய ஆயுளையும் நீட்டவில்லை. "கடைசியாக முடியும்" என்று பதில் வந்தால், நிரலை இன்னும் ஆழமாகப் படிக்க வேண்டியிருக்கும்.

அப்படிப் படிக்க வேண்டிய இடங்களில் முதன்மையானது, அட்டவணை தன் பெயரில் கவுண்ட் எதையும் வைத்துக்கொள்ளாத அமைப்பு. அங்கே இணைப்பை வேறொருவர் வைத்திருக்கும்வரை அது அட்டவணையில் இருக்கும். கடைசி நபர் புட் செய்ததும் விடுவிக்கும் செயற்கூறு லாக்கை எடுத்து, அட்டவணையிலிருந்து இணைப்பை நீக்கி, பிறகு நினைவகத்தைத் திருப்பித் தரும். இதில் எண் சுழியமாவதற்கும் அட்டவணையிலிருந்து நீங்குவதற்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் லாக்கோடு தேடி வரும் நம் கையில், எண் ஏற்கெனவே சுழியமாகிவிட்ட இணைப்பு கிடைக்கக்கூடும். நினைவகம் இன்னும் இருக்கிறது, ஏனெனில் விடுவிப்பவர் நம் லாக்குக்காகக் காத்து நிற்கிறார். அதன் புலங்களைப் படிக்கலாம். ஆனால் அதன் மேல் சாதாரணக் கெட் செய்வது பெரும் பிழை. சுழியத்தை ஒன்றாக்குவதால் விடுவிப்பவர் தன் முடிவை மாற்றிக்கொள்ள மாட்டார். இதனால்தான் லினக்ஸில், சுழியமாக இல்லாவிட்டால் மட்டும் கூட்டு என்ற தனிச் செயற்கூறு இருக்கிறது. இத்தகைய அட்டவணையிலிருந்து ஒன்றை வெளியே எடுத்துப்போக அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இதே அமைப்பில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நாம் லாக்குக்குள் கெட் செய்த பிறகு மற்றவர் தன் கவுண்ட்டைக் குறைத்துவிட்டால், நம்முடைய புட்டே கடைசிப் புட்டாகிவிடும். அப்போது விடுவிக்கும் செயற்கூறு நம் அழைப்புக்குள்ளேயே ஓடும். ஓடி, நாம் ஏற்கெனவே பிடித்திருக்கும் அதே லாக்கைக் கேட்கும். தன் கையிலுள்ள லாக்குக்காகத் தானே முடிவில்லாமல் காத்து நிற்கும் இந்த நிலைதான் டெட்லாக். பாதுகாப்புக்காகச் சேர்த்த இரண்டு வரிகளே கெர்னலை முடக்கிவிடுகின்றன. லாக்குக்குள் படித்துவிட்டு அங்கேயே முடித்துக்கொள்ளும் வேலைக்கு இங்கும் கெட்டும் புட்டும் வேண்டாதவை. அவற்றை நீக்குவது நிரலைச் சுத்தமாக்குவதோடு நிற்காமல் ஒரு பிழையையும் திருத்துகிறது. வேகத்துக்காக அல்லாமல் இத்தகைய காரணத்துக்காகச் செய்யப்படும் நீக்கங்களையே நான் அதிகம் மதிக்கிறேன்.

இனி, லாக் இருந்தும் கவுண்ட் தேவைப்படும் இடங்கள். வெளிப்படையானது, பாயிண்டர் லாக்குக்கு வெளியே போகும் நிலை. செயற்கூறு அந்தப் பாயிண்டரைத் திருப்பி அனுப்பினாலோ, ஒரு வரிசையில் சேர்த்தாலோ, டைமருக்கோ, இணையாக ஓடும் வேறொரு த்ரெட்டுக்கோ கொடுத்தாலோ, லாக் விடப்பட்ட பிறகும் அது வாழும். அப்போது லாக்கை விடுவதற்கு முன்பே கெட் செய்தாக வேண்டும்.

இதைவிட ஏமாற்றக்கூடியது, லாக் நடுவில் விடப்பட்டு மீண்டும் எடுக்கப்படும் நிலை. ஸ்பின்லாக் என்பது, கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்க வைக்கும் லாக்; அதைப் பிடித்துக்கொண்டு தூங்க முடியாது. ஆனால் நினைவகம் கேட்கும்போது தூங்க நேரலாம். ஆகவே சில உதவிச் செயற்கூறுகள் தமக்குள்ளேயே லாக்கை விட்டு, நினைவகம் வாங்கி, மறுபடி லாக்கை எடுத்துக்கொண்டு திரும்புகின்றன. அழைக்கும் இடத்தில் பார்த்தால் மேலே ஒரு லாக், கீழே ஒரு விடுதல், நடுவே ஓர் அழைப்பு என்று எல்லாம் ஒரே துண்டாகத் தெரியும். அந்த அழைப்புக்குள் சிறு நேரம் கதவு திறந்து கிடந்தது தெரியாது. அங்கே இருந்த கெட் மிகையன்று. அந்தத் திறந்த கதவுக்காகவே யாரோ யோசித்து எழுதியது. லினக்ஸில் இப்படி லாக்கை விட்டு எடுக்கும் செயற்கூறுகளின் தலைப்பில் அதற்கான குறியை இடும் வழக்கமும், அக்குறிகளைச் சரிபார்க்கும் ஸ்பார்ஸ் என்ற கருவியும் உண்டு. ஆனாலும் எல்லாச் செயற்கூறுகளிலும் குறி இருக்கும் என்று நம்பிவிடாமல், லாக்குக்குள் அழைக்கப்படும் ஒவ்வொன்றையும் திறந்து படிப்பதே நல்லது. படிக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அழைக்கப்படும் செயற்கூறே இந்த ஆப்ஜெக்டை அட்டவணையிலிருந்து நீக்கிப் புட் செய்துவிடுகிறதா? லாக் மற்றவர்களைத்தான் தடுக்கும். லாக்கைப் பிடித்திருக்கும் நம் கையையே தடுக்காது.

ஆப்ஜெக்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும் லாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இணைப்புக்குள் மியூட்டெக்ஸ் என்ற வகை லாக் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டேன், ஆகவே இணைப்பு பத்திரம் என்று எண்ணுகிறார்கள். அந்த மியூட்டெக்ஸைத் தொடுவதற்கே இணைப்பு உயிரோடு இருந்தாக வேண்டும். அதை விடும் கடைசிக் கணத்திலும் அதன் நினைவகம் இருந்தாக வேண்டும். தன்னைச் சுமக்கும் ஆப்ஜெக்டின் ஆயுளுக்கு அந்த லாக் தானே பொறுப்பேற்க முடியாது. வெளியே உள்ள வேறொரு லாக்கோ ஒரு கவுண்ட்டோ பொறுப்பேற்க வேண்டும்.

இவ்வளவு கவனத்தோடு இரண்டு வரிகளை நீக்குவதால் என்ன கிடைக்கிறது? வேகம் கிடைக்கும் என்பதே பொதுவான விடை. அது பாதிதான் உண்மை. கவுண்ட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அட்டாமிக் செயல்கள், அதாவது நடுவே யாரும் குறுக்கிட முடியாதவை. எக்ஸ்86 செயலியில் அவை 64 பைட் கொண்ட ஒரு கேஷ் லைனை (செயலியின் வேக நினைவகம் ஒரே துண்டாகக் கையாளும் பகுதியை) தன் கோருக்கு மட்டும் உரியதாக இழுத்துக்கொள்ள வேண்டும். பல கோர்கள் ஒரே எண்ணை மாற்றினால் அந்த லைன் கோருக்குக் கோர் பயணப்படும். ஆனால் எல்லாரும் ஒரே ஸ்பின்லாக்குக்காக வரிசையில் நிற்கும் இடத்தில் அந்த லாக்கின் கேஷ் லைன் ஏற்கெனவே அதே பயணத்தைச் செய்துகொண்டிருக்கிறது. ஆப்ஜெக்டின் புலங்களை எப்படியும் நாம் எழுதப்போகிறோம். அங்கே கெட்டையும் புட்டையும் நீக்குவதால் வரும் வேக லாபம் சிறியது.

லாபம் பெரிதாவது, பல வாசகர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வரக்கூடிய காவல்களில்தான். 2002-இல் லினக்ஸின் 2.5.43 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஆர்சியூ முறையில், வாசகர்கள் பகிரப்பட்ட எந்த எண்ணையும் தொடாமல் உள்ளே வந்து படித்துவிட்டுப் போகலாம்; விடுவிப்பவர்தான் பழைய வாசகர்கள் எல்லாரும் வெளியேறும்வரை காத்திருப்பார். அப்படிப்பட்ட காவலுக்குள் ஒவ்வொரு வாசகரும் கவுண்ட்டைக் கூட்டிக் குறைத்தால், ஆர்சியூ சேமித்துக் கொடுத்ததையெல்லாம் அந்த ஒரே எண் செலவழித்துவிடும். லினக்ஸ் நெட்வொர்க் பகுதியில் 2010-இல் எரிக் டூமாசே செய்த மாற்றம் இதற்கு நல்ல சான்று. ஒவ்வொரு பாக்கெட்டும் தான் போகவேண்டிய பாதையின் ஆப்ஜெக்டைச் சுட்டுகிறது. அதுவரை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்தப் பாதையின் கவுண்ட் கூடிக் குறைந்தது. மாற்றத்துக்குப் பிறகு, ஆர்சியூ பகுதிக்குள்ளேயே வேலை முடியும் பாக்கெட்டுகள் கவுண்ட் இல்லாமல் பாதையைச் சுட்டலாம். பாயிண்டரின் கடைசி பிட்டில், இதற்குக் கவுண்ட் எடுக்கப்படவில்லை என்ற குறி இருக்கும். பாக்கெட் வரிசையில் நின்று அந்தப் பகுதியைத் தாண்டி வாழ வேண்டிய நிலை வந்தால் அப்போது மட்டும் கவுண்ட் எடுக்கப்படும். கடன் வாங்கியதா, சொந்தமானதா என்பதைப் பாயிண்டரே சுமந்துகொண்டு போகிறது. கோப்புகளைப் படிக்கும் வழியிலும் இதன் உறவு ஒன்று இருக்கிறது: கோப்பு அட்டவணையை ஒரே த்ரெட் மட்டும் பயன்படுத்துகிறது என்று தெரிந்தால், ரீட், ரைட் போன்ற அழைப்புகளில் கோப்பின் கவுண்ட்டை லினக்ஸ் தொடுவதே இல்லை. அங்கே காவலாக நிற்பது லாக் அன்று. பகிர்வே இல்லை என்ற உண்மை.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தவறிப்போன புட். ஒரு கெட் இருந்தால், அந்தச் செயற்கூறிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு வழியிலும் ஒரு புட் இருந்தாக வேண்டும். பிழை வந்து பாதியில் திரும்பும் வழிகளில்தான் அது மறக்கப்படும். இரகசியச் சாவிகளைத் தொகுத்து வைக்கும் லினக்ஸின் கீரிங் பகுதியில் 2016 ஜனவரியில் வெளியான பாதுகாப்புக் குறை அப்படிப்பட்டது. ஒரு நிரல் தான் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கீரிங்கிலேயே மறுபடி சேரக் கேட்டால், தேடும்போது கூட்டப்பட்ட கவுண்ட் அந்த ஒரு வழியில் மட்டும் குறைக்கப்படாமல் விடப்பட்டது. எண் 32 பிட் அளவுடையது. அந்த அழைப்பைச் சுமார் 429 கோடி முறை திரும்பச் செய்தால் எண் சுற்றிச் சுழியத்துக்கு வந்துவிடும். பயன்பாட்டில் இருக்கும் கீரிங் விடுவிக்கப்பட்டு, கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற வழி திறக்கும். அந்தச் செயற்கூறும் ஒரு மியூட்டெக்ஸுக்குள்தான் நடந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்த மியூட்டெக்ஸ் கீரிங்கின் ஆயுளைக் காக்கவில்லை; ஆகவே அங்கே கெட் தேவைதான், விடுபட்ட புட்டைச் சேர்ப்பதே சரியான திருத்தம். உண்மையில் மிகையாக இருக்கும் இடங்களில் கெட்டையே எடுத்துவிட்டால், மறப்பதற்குப் புட் இருக்காது.

நீக்குவது என்று முடிவெடுத்தபின், லாக் காக்கிறது என்ற நம் வாதத்தை நிரலிலேயே எழுதி வைக்க வேண்டும். கெட்டும் புட்டும் இருந்தவரை, பின்னால் வருகிறவர் அவற்றைப் பார்த்தே ஆயுளைப் புரிந்துகொண்டார். இப்போது அந்த அடையாளம் இல்லை. லினக்ஸில் லாக்டெப் என்ற சோதனை அமைப்பு தரும் ஓர் உறுதிவரியைச் செயற்கூறின் தொடக்கத்தில் இட்டால், அந்த லாக் இல்லாமல் யாராவது அழைத்த உடனே அது எச்சரிக்கும். இதை வெறும் நல்ல பழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. முழுக் கெர்னலையும் ஒரே லாக்கால் பூட்டிய பழைய பெரிய கெர்னல் லாக், 2011-இல் வந்த 2.6.39 பதிப்பில்தான் லினக்ஸிலிருந்து முற்றிலுமாக நீங்கியது. அதற்கு ஆண்டுக்கணக்கான உழைப்பு தேவைப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்த லாக் எதையெல்லாம் காக்கிறது என்று எங்கும் எழுதப்படாமல் சாதனங்களை இயக்கும் எத்தனையோ டிரைவர் நிரல்கள் அதை நம்பி நின்றதுதான்.

ஆகவே லாக்கைச் சிறு சிறு லாக்குகளாகப் பிரிக்கும் பணி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பகுதியில், மிகை என்று நிரூபிக்க முடிந்தாலும் கவுண்ட்டை நான் தொட மாட்டேன். அடுத்த பதிப்பிலேயே அது தேவைப்படலாம். நிலைத்து நிற்கும் பகுதியில், ஒரு திருத்தத்தில் ஒரு செயற்கூறை மட்டும் எடுத்துக்கொண்டு, திருத்தக் குறிப்பில் விடுவிக்கும் செயற்கூறின் பெயரையும், அது எந்த வரியில் நம் லாக்குக்காகக் காத்து நிற்கும் என்பதையும் எழுதுங்கள். பிறகு, விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் கேசன் என்ற சோதனை வசதியை இயக்கி வைத்த கெர்னலில், ஒரு பக்கம் இணைப்புகளைச் சேர்த்து நீக்கிக்கொண்டும் மறு பக்கம் அவற்றைத் தேடிக்கொண்டும் இருக்கும் நிரல்களை நீண்ட நேரம் ஓடவிடுங்கள். கேசன் அமைதியாக இருப்பது நிரூபணமாகாது. அது அலறினால், குறிப்பில் நீங்கள் எழுதிய அந்த வரிக்குத் திரும்பிப் போய், லாக்கைத் தொடாமல் விடுவிக்கும் வேறு வழி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.